முட்டுக்கட்டை போடுகிறவனும் வேண்டும்!

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நிற்பார்கள். அவர்கள் எழுப்பும் கூச்சல் ஊரையே தூக்கும். ஆனால் தேர் நேராகப் போவதும், தெருமுனையில் திரும்புவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் அவர்கள் கையில் இல்லை. சக்கரத்தடியில் குனிந்தபடி, கட்டையைச் செருகி, உருவி, மறுபடியும் செருகிக்கொண்டு நடக்கிறார்களே சிலர், அவர்கள் கையில் இருக்கிறது. பக்தி உள்ளவர்கள் தேரிலிருப்பதைக் கும்பிடட்டும். நாம் கண் எடுக்காமல் பார்த்தது அந்தக் கட்டைக்காரர்களைத்தான்.

முட்டுக்கட்டை என்றால் நம் பேச்சில் அது வசவு. சங்கக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "கொஞ்சம் பொறுங்கள்" என்றால், "முட்டுக்கட்டை போடாதே, உட்கார்" என்கிறோம். தோழர்களே! கட்டை போட ஆளில்லாத தேர் எவன் வீட்டுச் சுவரில் போய் இடிக்கும் என்று யாராவது யோசித்ததுண்டா?

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நிர்வாகப் படிப்புப் படித்தவர்கள் மேடை போட்டு ஒரு புதுச் சரக்கை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். மேஸ்திரி வேண்டாமாம், சூப்பர்வைசர் வேண்டாமாம், தொழிலாளர்கள் தாங்களே குழுவாகச் சேர்ந்து, தங்கள் வேலையைத் தாங்களே பங்கிட்டு நடத்திக்கொண்டால் உடலும் மனமும் நலமாக இருக்குமாம், உற்பத்தியும் இன்று ஏறி நாளை சரியாமல் நிலைத்து நிற்குமாம். "இது நல்லதா, இல்லை இன்னொரு சூழ்ச்சியா?" என்று ஆலைத் தோழர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

பதில் தேடி நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணியில் ஸ்ரீவில்லிபுத்தூர். இந்த இரண்டு ஊருக்கும் நடுவிலேயே பாதிப் பதில் கிடக்கிறது.

கைத்தறித் தெருவுக்குப் போனோம். பால்கோவா வாங்க வருகிற கூட்டம் அந்தத் தெருப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் அறுபது வயது தாண்டிய பெரியவர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே பூமிக்குள். இடுப்புக்கு மேலே வேலை. கால் மிதியை மாற்ற, வலக்கை கயிற்றை இழுக்க, நாடா இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய துணைவியார் தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?" என்றோம்.

"மணி பாத்து நெய்யிறவன் எவன் தம்பி? விடிஞ்சா உக்காருவேன். கண்ணு இருட்டுனா எந்திரிப்பேன்."

"கேட்க ஆளில்லை. நினைத்தால் ஓய்வெடுக்கலாமே?"

அவர் சிரித்தார். "எனக்கு மேஸ்திரி கிடையாது தம்பி. நானே எனக்கு மேஸ்திரி. இந்த மேஸ்திரி மட்டும் லீவே குடுக்க மாட்டான்."

கேட்டீர்களா தோழர்களே! அவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். நூல் சங்கம் தருகிறது. நெய்த துணியைச் சங்கம் எடுத்துக்கொள்கிறது. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றிய நாள் முதல், மாஸ்டர் வீவர் என்ற நடுத்தரகனின் பிடியிலிருந்து நெசவாளியை மீட்க நடந்த முயற்சியின் பலன் அது. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நூலைக் கடனாகக் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தையே அடிமை கொண்ட கதைகளை அந்தத் தெருவிலேயே சொல்லக் கேட்கலாம். அதிலிருந்து கிடைத்தது விடுதலைதான்.

ஆனால் கூலி எதற்கு? சேலைக்கு. நேரத்துக்கு இல்லை. பாவு புனைவதற்கும், தார் சுற்றுவதற்கும் வீட்டுப் பெண்கள் கொடுக்கிற உழைப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனியாக ஏறுவதில்லை. மழை பெய்தால் தெருவில் பாவு விரிக்க முடியாது, குழியில் ஈரம் ஊறும், மூட்டு பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு நெய்யாததை மறுநாள் இரவு விழித்து நெய்ய வேண்டும். தன் நேரத்துக்குத் தானே எஜமானன் என்று பெயர். அந்த எஜமானன் கையில் சவுக்கைக் கொடுத்தது யார்? அடித்தால்தான் அடுப்பெரியும் என்ற அந்தக் கூலி விகிதம்தான்.

இனி ராஜபாளையம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லில் ஆரம்பித்து, பஞ்சாலைத் தொழில் இந்த வட்டாரம் முழுவதும் வேர் பிடித்தது. ஆலைக்குள் தொழிலாளி எஜமானன் அல்ல. ரிங் பிரேம்களுக்கு நடுவே ஷிப்டு முழுக்க நடக்கிறான். அறுந்த இழையை முடிகிறான். எத்தனை சைடு பார்ப்பது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. மிஷின் வேகத்தையும் அவன் தீர்மானிப்பதில்லை. கார்டிங்கில் நின்றால் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கும். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் மார்பை இறுக்கிப் பிடிக்கிறதே, பழைய தொழிலாளிகளுக்கு அது நன்றாகத் தெரியும். பிசினோசிஸ் என்று அதற்கு வைத்தியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் திங்களோடு போய்விடும். கவனிக்காமல் விட்டால் வாரம் முழுவதும் நிற்கும். பிறகு ஆயுள் முழுவதும்.

இத்தனையும் இருக்கிறது. ஆனால் ஆலையில் சங்கு ஊதுகிறது. உள்ளே போகச் சொல்லி ஊதுகிற அதே சங்கு, வெளியே போகவும் சொல்கிறது! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளைக்கு 9 மணி என்று வரம்பு கட்டியது. தொடர்ந்து 5 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் என்றது. இவற்றைச் சட்டசபை தானாகக் கொடுத்துவிடவில்லை. தொழிலாளர் போராட்டம் செருகிய கட்டைகள் இவை. கைத்தறிக்காரருக்கு அந்தச் சங்கு இல்லை.

நடுவில் சத்திரப்பட்டி இருக்கிறது. உலகத்தின் காயங்களுக்குக் கட்டுப் போடுகிற பேண்டேஜ் துணி அங்கேதான் விசைத்தறியில் ஓடுகிறது. நாலு தறி, எட்டுத் தறி போட்ட கொட்டகைகள் எத்தனையோ. உள்ளே நின்றால் பக்கத்திலிருப்பவன் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். ஆலையின் சங்கும் இல்லை, கைத்தறியின் சுதந்திரமும் இல்லை. இரண்டிலும் உள்ள கஷ்டம் மட்டும் இருக்கிறது. ஊருக்கெல்லாம் மருந்துத் துணி நெய்கிறவனுக்குக் காது மந்தம்! 1948 சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை 20 ஆகிவிட்டது. சிறிய கொட்டகை அன்றைக்கும் வாசலுக்கு வெளியே. இன்றைக்கு வாசலே தள்ளிப் போய்விட்டது.

ஆக, மேஸ்திரி இல்லை என்பதாலேயே நலம் வந்துவிடாது. அப்படியானால் அந்தப் புதுச் சரக்கு முழுப் பொய்யா? அதுவும் இல்லை. இங்கேதான் தோழர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

ஆமதாபாத் சோதனை

1953-இல் ஆமதாபாத் காலிகோ மில்லில் ஒரு சோதனை நடந்தது. மில்லை நடத்தியவர் கௌதம் சாராபாய். லண்டன் டேவிஸ்டாக் நிலையத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். புதிய தானியங்கித் தறிகள் போட்டிருந்தார்கள். நெய்பவர் ஒருவர், ஊடைத் தார் போடுபவர் ஒருவர், எண்ணெய் விடுபவர் ஒருவர், கூட்டுபவர் ஒருவர், பழுது பார்ப்பவர் ஒருவர் என்று தனித்தனி ஆள். ஒவ்வொருவனுக்கும் வேறு வேறு எண்ணிக்கைத் தறிகள். யார் யாருடைய கூட்டாளி என்று யாருக்கும் தெரியாது. மிஷின் புதுசு, கட்டடம் புதுசு. உற்பத்தி மட்டும் எதிர்பார்த்தபடி இல்லை. துணியில் பழுது அதிகம்.

ரைஸ் சொன்ன யோசனை சாதாரணமானது. ஒரு தொகுதித் தறிகளை ஒரு குழுவிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஏழு பேர், 64 தறி. வேலையை அவர்களே பங்கிட்டுக்கொள்ளட்டும். யோசனை தொழிலாளர் காதுக்குப் போன மாத்திரத்தில், யார் யார் எந்தக் குழுவில் என்பதை அவர்களே பேசி முடித்துப் பட்டியல் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். நிர்வாகம் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் காரியம்! எழுதப் படிக்கத் தெரியாதவன், சொன்னதைச் செய்யத்தான் லாயக்கு என்று கங்காணி மனம் படைத்தவர்கள் பேசுவார்களே, அவர்கள் முகத்தில் அடித்ததுபோல் இருந்தது.

விளைவு? தறிகளின் திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95-க்கு ஏறியது. பழுதான துணி சுமார் 32-லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது.

இதே டேவிஸ்டாக் நிலையத்தார் 1951-இல் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். எழுதிய இருவரில் ஒருவரான பாம்ஃபர்த் தாமே சுரங்கத்தில் கரி வெட்டியவர். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வெட்டி, அள்ளி, முட்டுக் கொடுத்து முழு வேலையையும் தாங்களே செய்த காலம் போய், மிஷின் வந்து, மூன்று ஷிப்டாக உடைத்து, ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் வேலை செய்தபோது, கரியும் குறைந்தது, ஆளும் நோயில் விழுந்தான் என்பது அவர்கள் கண்டது. கூட்டாளியைப் பிரித்தால் உடம்பு கெடும் என்று சுரங்கத்தில் கண்டார்கள்; சேர்த்துவிட்டால் கை ஓடும் என்று ஆமதாபாத்தில் கண்டார்கள்.

நமக்கு முக்கியமானது இதற்குப் பிறகு நடந்தது. 1970-இல் எரிக் மில்லர் என்பவர் மறுபடி போய்ப் பார்த்தார். ஒரு கொட்டகையில் குழு முறை ஏறக்குறைய அப்படியே உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து பழையபடி ஆகிவிட்டிருந்தது. ஏன்? சந்தை மாறியது, துணி ரகம் மாறியது, மேலேயிருந்து நெருக்கடி வந்தபோது குழுவின் எல்லைக்குள் அதிகாரிகள் கை நீட்டினார்கள். கொடுத்தவன் கை நினைத்தபோது எடுத்துக்கொண்டது. சட்டமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. முதலாளியின் நல்ல மனசு மட்டும் இருந்தது. பின்னாளில் அந்த மில்லே மூடப்பட்டது. அது வேறு கதை.

கண்ணூர் காட்டியது

கொடுத்ததாக இல்லாமல், எடுத்துக்கொண்டதாக இருந்தால் எப்படி இருக்கும்? அதற்குக் கண்ணூருக்கு வாருங்கள்.

பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கு வேலை நிபந்தனைகள் வகுத்து 1966-இல் மத்திய அரசு ஒரு சட்டம் செய்தது. கேரளம் அதை அமல்படுத்த முனைந்தவுடன், மங்களூர்ப் பீடி முதலாளிகள் கண்ணூர்ப் பக்கத்துக் கொட்டகைகளை இழுத்து மூடினார்கள். ஒரே மூச்சில் சுமார் 12,000 பேர் தெருவில். கெஞ்சினார்களா? 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு எழுந்தது. பங்குத் தொகையில் தொழிலாளி கையிலிருந்து போட்டது மிகச் சிறிய பகுதி. மீதியை அரசு கடனாகக் கொடுத்தது. தலைமை ஏற்று நடத்தியவர் ஜி.கே. பணிக்கர்.

அந்தக் கொட்டகைகளில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் இலை சுற்றியபடி கேட்பார்கள். வாசிப்பவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் மலபாரில் கூட்டுறவுக்கு முன்பே உண்டு. நலம், நலம் என்கிறார்களே, காதுக்கும் மூளைக்கும் தீனி போடுகிற இதைவிட நலம் எது?

பீடி சுற்றுவதும் எண்ணிக்கைக் கூலிதான், நம் நெசவாளியைப் போல. வித்தியாசம் எங்கே? வேலை வீட்டில் நடக்கவில்லை. எல்லோரும் கூடும் கொட்டகையில் நடந்தது. கொட்டகைக்குத் திறக்கும் நேரம் உண்டு, பூட்டும் நேரமும் உண்டு. பெண்களுக்குப் பிரசவ உதவி, விடுமுறைச் சம்பளம், பிராவிடண்ட் பண்ட், பென்ஷன் ஆகியவற்றைச் சங்கமே கட்டிக்கொடுத்தது. தனியார் பீடிக்காரன் கொடுக்காததை, முதலாளி இல்லாத தொழிலாளி தனக்குத் தானே கொடுத்துக்கொண்டான். "கொடுத்தால் தொழில் படுத்துவிடும்" என்றவர்கள் முன்னால் அந்தச் சங்கம் 40,000 பேருக்கு மேல் வேலை கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. பிறகு பீடிக்கு மவுசு குறைந்தது. குறையட்டும், நுரையீரலைத் தின்கிற சரக்குதான் அது. 1990-களின் கடைசியில் உணவுப் பொருள், குடை என்று சங்கம் வேறு தொழில்களில் இறங்கியது. ஆள் குறைந்தது உண்மை. ஆளைத் தெருவில் விட்டு ஓடவில்லை என்பதும் உண்மை.

காபி ஹவுஸ் கதை நம்மவர்களுக்குத் தெரிந்ததே. காபி போர்டு 1957-இல் கடைகளை மூடியபோது, ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் வேலை இழந்த சர்வர்களும் சமையல்காரர்களும் சங்கம் அமைத்து எடுத்து நடத்தினார்கள். பாண்டிச்சேரிக்குப் போகிற தோழர்கள் ஒரு காபி குடித்துவிட்டு வரட்டும்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. ஒரு நாள் வேலையை 12 மணி வரை நீட்ட அது வழி திறந்தது. விளக்கம் என்ன சொன்னார்கள்? தொழிலாளி விரும்பினால்தானாம்! கட்டாயமே இல்லையாம்! இந்த "விருப்பம்" என்ற வார்த்தையைத்தான் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவரும் விருப்பப்பட்டுத்தான் கண் இருட்டும் வரை நெய்கிறார். அவரை எவனும் கட்டிப்போடவில்லை. சங்கங்கள் கொதித்தன, ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு, மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே முதல் நாள் திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொடியேற்றி நூறு ஆண்டு நிறைந்த அதே நாள்! முட்டுக்கட்டை போட்டார்கள் என்று அன்றைக்கும் சிலர் முணுமுணுத்தார்கள். ஆம், போட்டோம்.

ஆகவே ஆலைத் தோழர்கள் கேட்ட கேள்விக்கு நம் பதிலைச் சொல்லிவிடுகிறோம். குழுவாக வேலையை நடத்திக்கொள்ளச் சொன்னால், தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சைடு பார்க்கிற தொழிலாளிக்குத் தெரிந்த அளவு சைடைப் பற்றி மேஸ்திரிக்குத் தெரியாது. ஆனால் ஏற்கும்போதே நாலு விஷயம் கேளுங்கள். மிஷின் வேகத்தை யார் வைப்பது? ஒருவன் சீக்கு என்று படுத்தால் அவன் பங்கு யார் தலையில் ஏறும்? மாற்றாள் உண்டா, இல்லை மீதி ஆறு பேர் சுமக்க வேண்டுமா? ஆர்டர் இல்லாத மாதம் கூலி என்ன? இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்தால் அது சுயாட்சி. வராவிட்டால், மேஸ்திரியின் சம்பளத்தை மிச்சப்படுத்தி, மேஸ்திரியின் வேலையை உங்கள் முதுகில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இன்னும் மோசம், படுத்துக்கிடக்கும் கூட்டாளியை நீங்களே போய் எழுப்புவீர்கள். முதலாளி எழுப்பினால் சங்கம் கேட்கும். நாமே எழுப்பினால் யார் கேட்பது?

கூட்டுறவுச் சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல், தனி அலுவலர் கையெழுத்தில் சங்கங்கள் கிடந்த காலங்கள் நம் மாநிலத்தில் உண்டு. உறுப்பினர் சும்மா இருக்கப் பழகிவிட்டார்கள். பொதுக்குழு என்றால் காபி, காராசேவு, வரவு செலவுக் கணக்கு, நன்றியுரை. அந்த அஜெண்டாவில் நெசவாளியின் இடுப்பு வலி எங்கே? பாவு புனையும் பெண்ணின் கூலி எங்கே? ஆடி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் தறிக்குழி ஈரமாகும் என்று ஊருக்கே தெரியும். அந்த நாட்களுக்கு ஒரு நிவாரணம் என்று தீர்மானம் எழுதிய சங்கம் எத்தனை? பொதுக் கொட்டகை ஒன்று கட்டி, தறிகளை அங்கே போட்டு, மாலையில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா என்று கணக்காவது போட்டுப் பார்த்தோமா? "பூட்டினால் வருமானம் போகுமே" என்பார்கள். போகும், கூலி விகிதம் இப்படியே இருந்தால். ஆகவே கூலிக் கோரிக்கையும் பூட்டுக் கோரிக்கையும் ஒரே மனுவில் போக வேண்டும். ஒன்றைக் கேட்டு ஒன்றை விட்டால், மறுபடியும் இரவு நெசவுதான்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னோம். நாடாவை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "தீர்மானம் எழுதுங்க தம்பி. நான் கைநாட்டு இல்ல, கையெழுத்துப் போடுவேன்" என்றார். துணைவியார் தார்ப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, "எனக்கும் அதுல ஒரு வரி சேத்து எழுதுங்க" என்றார். என்ன எழுத என்று கேட்டோம். "மத்தியானம் சாப்பிட்டப்புறம் ஒரு மணி நேரம் படுக்கணும்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

எழுதிக்கொண்டோம். வருகிற பொதுக்குழுவில் அதுவே முதல் வரியாக வாசிக்கப்படும்.